பள்ளிக்கு வரும் சாயக்காரர்: இயற்கைச் சாயக் கல்விக்கு ஓர் எளிய அறிமுகம்

சாம்பார் சிந்திய வெள்ளைச் சட்டையில் சோப்பு போட்டதும் கறை சட்டெனச் சிவக்கும். துணி துவைத்துப் பழகிய எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். அலசினால் மறுபடி மஞ்சளாகும். நல்ல வெயிலில் காயப்போட்டால் கறையே மங்கிவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பைச் சேர்த்துச் சிவப்பாக்குவதும் இதே வித்தைதான். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரம் பட்டால் நிறம் மாறும், வெளிச்சம் பட்டால் சிதையும்.

இந்தச் சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆண்டுக்குப் பாடம் நடத்தலாம். நிறம் எங்கிருந்து வருகிறது? துணியில் ஏன் ஒட்டுகிறது, ஏன் போகிறது? ஒட்டவைக்க எவ்வளவு தண்ணீரும் விறகும் உழைப்பும் ஆகின்றன? அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது? சூழலுக்கு ஏற்ற துணி, நீடித்த ஆடை என்றெல்லாம் பேசுகிறோமே, அதன் அடிப்படை இந்தக் கேள்விகள்தான். ஒரு துணியை உண்டாக்கவும் உடுத்தவும் கடைசியில் தூக்கிப் போடவும் ஆகும் செலவு, மண்ணும் மனிதர்களும் தாங்கக்கூடிய அளவுக்குள் இருக்க வேண்டும் என்பது மட்டுமே அதன் பொருள்.

இதைக் கற்பிக்கப் பள்ளி மட்டும் போதாது. ஊரும் சேர வேண்டும். ஏன், எப்படி என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல பள்ளிகளில் இயற்கைச் சாயம் என்ற பெயரில் நடப்பது ஒருநாள் கூத்து. வெங்காயத்தோலையும் பீட்ரூட்டையும் கொதிக்கவைத்து, கைக்குட்டையை முடிச்சுப் போட்டு முக்கி, கொடியில் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். வெங்காயத்தோல் நிறமாவது ஓரளவு நிற்கும். பீட்ரூட் சிவப்பு இரண்டு துவைப்பில் காணாமல் போகும். அது துணிக்கு ஆன சாயமே இல்லை. செம்பருத்தியும் ஊதா முட்டைக்கோஸும் இதே ரகம்தான். அழகான சாறு கொடுக்கிற எல்லாமே சாயம் ஆகிவிடாது. பிள்ளைகள் அன்று கற்றுக்கொள்வது, இயற்கைச் சாயம் என்றால் ஒட்டாத சாயம் என்பதைத்தான். உண்மை இதற்கு நேர்மாறானது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப்போன சிவப்புத் துணிகள், துவைக்கத் துவைக்க நிறம் தெளிகிற துணிகள் என்று ஐரோப்பாவில் பெயர் வாங்கியவை.

நிறம் எப்படி ஒட்டுகிறது

பட்டும் கம்பளியும் புரதம். சாயத்தை எளிதில் பிடித்துக்கொள்ளும். பருத்தி அப்படியில்லை, அது செல்லுலோஸ். பெரும்பாலான தாவர நிறங்கள் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். இடையில் ஒரு தரகர் தேவை. அதற்குப் பெயர் நிறமூன்றி. நம் ஊர் முறையில் இது இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு, அதாவது டானின், பருத்தியோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்து படிகாரக் கரைசல். படிகாரத்தில் உள்ள அலுமினியம் டானினைப் பிடித்துக்கொள்ளும். கடைசியாகச் சாயத்தில் போட்டால், நிறம் அந்த அலுமினியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

படிகாரத்துக்குப் பதில் இரும்பு வந்தால் கதையே மாறிவிடும். வகுப்பில் காட்ட இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. கடுக்காயில் ஊறிக் காய்ந்த துணி வெளிர் மஞ்சளாக இருக்கும். துருப்பிடித்த ஆணிகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்கவிட்டு வடிகட்டிய நீரில் ஒரு மூங்கில் குச்சியைத் தோய்த்து அந்தத் துணியில் கோடு இழுக்கவேண்டும். குச்சியில் இருக்கும்வரை அது கலங்கலான பழுப்புத் தண்ணீர்தான். துணியைத் தொட்ட நொடியில் கோடு கறுக்கும். துணியில் குச்சியால் ஓவியம் தீட்டும் கலம்காரிக் கலைஞர்கள் உருவங்களின் கறுப்புக் கோட்டை வரைவது இப்படித்தான். கடுக்காயோடு எருமைப் பாலையும் சேர்த்து ஊறவைப்பார்கள். பாலின் கொழுப்பு, கோடு பக்கத்தில் பரவிவிடாமல் தடுக்கும். நம் முன்னோர் காகிதத்தில் எழுதிய கடுக்காய் மையும் இதே வேதியியல்தான், கடுக்காயோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்துச் செய்வது.

இரும்பு அளவுக்கு மீறினால் நாளடைவில் இழையை அரித்துவிடும். பழைய துணிகளில் கறுப்புக் கோடு இருந்த இடம் மட்டும் பொடிந்துபோயிருப்பதற்கு இது ஒரு காரணம். இதையும் பிள்ளைகளிடம் சொல்லலாம். இயற்கைப் பொருள் என்றால் கெடுதல் செய்யாது என்ற நினைப்பு அங்கேயே உடையும்.

நீலம் மட்டும் தனி வழி. அவுரி இலையிலிருந்து எடுக்கும் நீலத்துக்கு நிறமூன்றி வேண்டாம். ஆனால் அது தண்ணீரில் கரையாது. கரையவைக்க, ஆக்சிஜன் இல்லாத தண்ணீரில் அதன் வேதி வடிவத்தை மாற்ற வேண்டும். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் அவுரி இன்றும் பயிராகிறது. பூக்கத் தொடங்கும் பருவத்தில் அறுத்த தழையைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி ஊறவைப்பார்கள். பிறகு அந்தத் தண்ணீரைக் கீழ்த்தொட்டிக்கு இறக்கி, ஆட்கள் உள்ளே இறங்கிக் காலால் உதைத்து அடிப்பார்கள். காற்று கலக்கக் கலக்கப் பச்சைத் தண்ணீர் நீலமாகும், நுரை பொங்கும். அடியில் படியும் நீலச் சேற்றைக் காய்ச்சி, வடித்து, அழுத்தி, வில்லைகளாக அறுத்துக் காயவைத்தால் நீலக்கட்டி. அவுரி பயறு வகைச் செடி என்பதால் வேர் மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்கும். ஊறிய தழையும் வயலுக்கு எருவாகப் போகும்.

அந்தக் கட்டியை மறுபடி கரைக்கத்தான் சாயத்தொட்டி. சுண்ணாம்பு, வெல்லம், வேகவைத்த தகரை விதை எல்லாம் போட்டுப் புளிக்கவைத்தால், நுண்ணுயிரிகள் ஆக்சிஜனைத் தின்றுவிடும். நீலம் கரையும். துணியை முக்கி எடுக்கும்போது அது பச்சை கலந்த மஞ்சளாக வெளியே வரும். காற்றில் விரித்ததும் விளிம்பிலிருந்து பச்சையாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் ஏறும். பாடப்புத்தகத்தில் ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் என்று மனப்பாடம் செய்ததெல்லாம் இங்கே கொடியில் தொங்கும்.

ஆளுக்குப் பாதி

சாயத்தொட்டி உயிருள்ளது. தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவர் காலையில் மூடியைத் திறந்ததும் மணத்தைப் பார்ப்பார், நுரையின் நிறத்தைப் பார்ப்பார், ஒரு சொட்டை விரலிடையில் தேய்த்து வழவழப்பு எப்படி என்று பார்ப்பார். 'புளிப்பு ஏறிருச்சு, சுண்ணாம்பு கேக்குது' என்பார். அவர் கையில் எந்தக் கருவியும் இருக்காது.

இப்போது அதே தொட்டியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி புளிப்பையும் காரத்தையும் எண்ணால் காட்டும் பி.எச். தாளை நனைக்கிறாள் என்று வையுங்கள். தொட்டி நன்றாக வேலை செய்யும்போது அது பத்து, பதினொன்று என்று, அதாவது நல்ல காரம் என்று காட்டும். நுண்ணுயிரிகள் வெல்லத்தைத் தின்று அமிலத்தை விடுவதால் எண் மெல்ல இறங்கும். சாயக்காரர் 'சுண்ணாம்பு கேக்குது' என்று சொன்ன நேரத்தில் தாள் என்ன காட்டியது என்று அவள் குறித்துக்கொள்கிறாள். மழைநாளில், குளிர்நாளில், புது வெல்லம் போட்ட மறுநாளில் என்று ஒரு பருவம் முழுக்கக் குறித்தால் அந்த நோட்டுப் புத்தகத்தில் புதிதாக ஒன்று இருக்கும். மூக்குக்கும் விரலுக்கும் தெரிந்திருந்த ஒன்று எண்ணாகவும் எழுத்தாகவும் நிற்கும். சாயக்காரரின் மகனோ, வேறு ஊரில் தொட்டி வைக்க நினைக்கிற யாரோ அதைப் படித்துப் பயன்படுத்த முடியும்.

பள்ளி–சமூகக் கூட்டு என்று நான் சொல்வது இதைத்தான். தொழில் செய்கிறவரிடம் கைப்பழக்கம் இருக்கிறது, அளந்து எழுதிவைத்த கணக்கு இல்லை. பள்ளியிடம் தராசும் வெப்பமானியும் நோட்டுப் புத்தகமும் இருக்கின்றன, கைப்பழக்கம் இல்லை. இரண்டு பேரும் தத்தம் பாதியைக் கொண்டுவந்தால்தான் கூட்டு. சாயக்காரர் வந்து வித்தை காட்டிவிட்டு, பொன்னாடை போர்த்திக்கொண்டு போனால் அது விழா.

நம்மிடம் இதற்குப் பழைய முன்மாதிரிகள் இருக்கின்றன. 1936ல் தொடங்கிய கலாக்ஷேத்ரா நாட்டியப் பள்ளிதான். ஆனால் அதைத் தொடங்கிய ருக்மிணி தேவி அடுத்த ஆண்டே அங்கே தறி போட்டுவிட்டார், ஆடுகிறவர்களுக்கு நல்ல சேலை வேண்டும் என்பதற்காக. பின்னாளில், கைவினைகளை மீட்க உழைத்த கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் இயற்கைச் சாயத்தில் கலம்காரி செய்யும் கூடமும் அங்கே வந்தது. காந்தியின் ஆதாரக் கல்வி இன்னும் ஒரு படி மேலே போனது. 1937ல் வார்தா மாநாட்டில் பேசப்பட்ட அந்தத் திட்டத்தில் கைத்தொழில் தனிப்பாடம் இல்லை. கணக்கும் வரலாறும் அறிவியலும் அதன் வழியாகவே வரவேண்டும். தக்ளி என்ற கைக்கதிரில் நூற்ற நூலின் நீளத்தையும் எடையையும் வைத்தே கணக்குப் பாடம். தமிழ்நாட்டில் காந்திகிராமம் முதல் பல இடங்களில் இந்தப் பள்ளிகள் நடந்தன.

கடல் தாண்டியும் பார்க்கலாம். மான்செஸ்டர் பக்கத்துப் பழைய ஆலை நகரமான பிளாக்பர்னில் 2021ல் ஊர்க்காரர்கள் சேர்ந்து, சும்மா கிடந்த நிலத்தில் ஆளிச்செடியும் ஐரோப்பிய நீலச்செடியும் பயிரிட்டார்கள். அங்கேயே விளைந்த நாரில், அங்கேயே விளைந்த நீலத்தில் ஒரு ஜீன்ஸ் நெய்ய முடியுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். ஒரு காலத்தில் உலகத்துக்கெல்லாம் துணி அனுப்பிய ஊர், ஒரு கால்சட்டைக்கான நாரை விளைவிக்கத் திணறியது என்பதே பெரிய பாடம் இல்லையா?

'இது குலக்கல்வி ஆகாதா?'

தமிழ்நாட்டில் பள்ளிக்குள் கைத்தொழில் என்று வாயைத் திறந்தாலே இந்தக் கேள்வி வரும். வரவும் வேண்டும். 1953ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டத்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் ஒரு வேளை பள்ளிக்கு வந்தால் போதும், மீதி நேரம் வீட்டுத் தொழிலைக் கற்கலாம் என்று இருந்தது. சலவைத் தொழிலாளியின் பிள்ளை துணி வெளுக்கவும் நெசவாளியின் பிள்ளை தறி ஓட்டவும்தானா என்று பெரியாரும் திராவிட இயக்கமும் கொதித்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டு காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. கைவினைத் தொழிலாளர்களுக்கான ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில், விண்ணப்பிப்பவர் செய்வது குடும்பத்தொழிலாக இருக்கவேண்டும் என்ற விதியைத் தமிழ்நாடு அரசு எதிர்த்ததற்கும் இதுதான் பின்னணி.

ஆகவே சாயப் பாடத்தை அமைக்கும்போது சில விஷயங்களில் பிடிவாதம் வேண்டும். பாடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கவேண்டும். டாக்டர் வீட்டுப் பிள்ளையின் கையும் நீலமாக வேண்டும். நெசவாளர் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு 'உனக்குத் தெரியுமே, நீ செய்து காட்டு' என்று முன்னால் நிறுத்தக் கூடாது. அந்தப் பிள்ளை தானாக விரும்பிச் சொன்னால் வேறு விஷயம். பள்ளி நேரத்தைக் குறைத்து இதற்குக் கொடுக்கக் கூடாது. அறிவியல், கணக்கு, சமூக அறிவியல் வகுப்புகளுக்குள்ளேயே இது வரவேண்டும். அப்புறம், பிள்ளைகள் சாயமிட்ட துணிக்கு ஆர்டர் பிடிக்கும் வேலையை எந்தக் காரணத்துக்காகவும் தொடங்கக் கூடாது. ஆண்டுவிழாவில் நாலு துண்டு விற்பது வேறு, மாதம் நூறு கைக்குட்டைக்கு ஒப்புக்கொள்வது வேறு. இரண்டாவது, குழந்தை உழைப்பு.

சாயக்காரருக்கான மரியாதையும் இதில் சேர்ந்ததுதான். அவர் ஒரு நாள் பள்ளிக்கு வந்தால் அன்றைய கூலி போகிறது. அதைக் கொடுத்துவிட வேண்டும், போக்குவரத்துச் செலவோடு. 'சமூக சேவையாக வந்தார்' என்று அறிவிப்பது நமக்குச் சௌகரியம், அவருக்கு நஷ்டம். ஆசிரியரை எப்படி அழைக்கிறார்களோ அப்படியே பிள்ளைகள் அவரையும் சார், டீச்சர் என்றே அழைக்கட்டும். சில குடும்பங்களில் தொட்டிப் பக்குவத்தை வெளியே சொல்லமாட்டார்கள், அதுதான் அவர்கள் பிழைப்பு. கேட்டு, சம்மதம் வாங்கி எழுதலாம். கேட்காமல் வீடியோ எடுத்து யூடியூபில் போடக் கூடாது.

யார் யாரைச் சேர்ப்பது

கைத்தறி நெசவாளர் கூட்டுறவு சங்கம் பக்கத்தில் இருந்தால் முதலில் அங்கே போகலாம். கழிவு நூல், அறுபட்ட துண்டுத் துணி கிடைக்கும். சாயம் தெரிந்த பெரியவர் யார் என்றும் சொல்வார்கள். இயற்கைச் சாயத்தில் இப்போது வேலை செய்கிறவர்கள் எல்லா ஊரிலும் இல்லை. மதுரையின் புள்ளிச் சேலையான சுங்குடி ஒரு காலத்தில் தாவரச் சாயத்தில் தோய்ந்தது, இன்று கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி ரசாயனச் சாயம். தஞ்சாவூர் மாவட்டத்தில் கருப்பூர்க் கலம்காரி செய்யும் சில குடும்பங்கள், ஆரோவில்லில் அவுரித் தொட்டி வைத்து நடத்தும் சாயக்கூடம், திண்டிவனம் பக்கத்து அவுரி விவசாயிகள் என்று தேடிப் போக வேண்டியிருக்கும். ரசாயனச் சாயப்பட்டறையில் வேலை செய்தவரையும் ஒதுக்கிவிடாதீர்கள். துணியை எப்படிச் சுத்தம் செய்வது, சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்காமல் எப்படித் திருப்பிக்கொண்டே இருப்பது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

பொருள் சேகரிப்பில் ஊரே பங்கு கொள்ளலாம். காய்கறிச் சந்தையில் வெங்காயத்தோல் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. ஜூஸ் கடையில் மாதுளைத் தோல். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் தெருவில் கிடக்கும் துலுக்கச்சாமந்தி மாலைகளை உதிர்த்துக் காயவைத்தால் பல மாதங்களுக்கு மஞ்சள் நிறச் சாயத்துக்குக் கவலை இல்லை. கடுக்காய், படிகாரம், சிவப்பு தரும் மஞ்சிட்டி வேர் எல்லாம் நாட்டு மருந்துக் கடையில் வாங்கலாம். சோழமண்டலத் துணிகளுக்குச் சிவப்பு தந்த சாயவேரை மட்டும் தேடிக்கொண்டு கடற்கரை மணலில் பிள்ளைகளோடு இறங்காதீர்கள். வேருக்காகச் செடியையே பிடுங்கவேண்டும். இருப்பதே கொஞ்சம்.

தெருமுனைத் தையல்காரரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். என் கணக்கில் சூழல் பாடத்தில் அவருக்குத்தான் முதல் இடம் கொடுக்க வேண்டும். கிழிந்த சட்டைக்கு ஒட்டுப்போட்டு, பத்தாத பாவாடைக்கு மடிப்புப் பிரித்து, ஒரு துணியின் ஆயுளை இரண்டு வருடம் நீட்டுகிறவர் அவர். புதுத் துணிக்கு எவ்வளவு நல்ல சாயம் போட்டாலும், வாங்காமல் விட்ட துணிக்கு அது ஈடாகாது.

முதல் பாடம், எடையோடு

இருநூறு கிராம் வெள்ளைப் பருத்தித் துணி எடுத்துக்கொள்ளுங்கள். கஞ்சி போகச் சலவைச் சோடாவில் கொதிக்கவைத்து அலசவேண்டும். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் பின்னால் செய்வதெல்லாம் வீண். துணி எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 40 கிராம் கடுக்காய்ப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, துணியைச் சில மணிநேரம் ஊறவைத்து, அலசாமல் பிழிந்து காயவைக்க வேண்டும். அடுத்து 30 கிராம் படிகாரத்தைச் சுடுதண்ணீரில் கரைத்து, ஆறியதும் துணியை இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் ஒரு முறை அலசவேண்டும். சாயத்துக்கு 100 முதல் 200 கிராம் காய்ந்த வெங்காயத்தோல். கொதிக்கவைத்து வடிகட்டி, துணியைப் போட்டு, முக்கால் மணி நேரம் கொதிக்கும் நிலைக்குச் சற்றுக் கீழே வைத்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எவர்சில்வர் பாத்திரம்தான் வேண்டும். இரும்புச் சட்டியில் செய்தால் மஞ்சள் கருத்துப்போகும். சத்துணவுக் கூடத்துப் பாத்திரத்தை எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது.

பாதித் துணியைக் கடுக்காயும் படிகாரமும் காட்டாமல் அதே பானையில் போட்டால் வித்தியாசம் அலசும்போதே தெரியும். இன்னொரு வேடிக்கையும் நடக்கும். ஓரம் தைத்த கைக்குட்டையாக இருந்தால், துணி முழுக்கப் பொன்னிறமாக இருக்க, தையல் மட்டும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். தையல் நூல் பாலியெஸ்டர். இயற்கைச் சாயம் அதைத் தொடாது. இதைப் பார்த்ததும் பிள்ளைகள் தங்கள் சீருடையைப் பார்ப்பார்கள், இது எதனால் ஆனது என்று கேட்பார்கள். ஆசிரியர் ஒரு இழையை இடுக்கியில் பிடித்து மெழுகுவத்தியில் காட்டலாம். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். கலப்புத் துணி இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் காட்டும்.

அடுத்து தண்ணீர்க் கணக்கு. துணி எடைக்கு இருபது மடங்கு தண்ணீர் என்று வைத்தால் ஒவ்வொரு முறையும் 4 லிட்டர். சோடாவுக்கு ஒன்று, அலச ஒன்று, கடுக்காய்க்கு ஒன்று, படிகாரத்துக்கு ஒன்று, அலச ஒன்று, சாயத்துக்கு ஒன்று, கடைசியில் இரண்டு அலசல். எட்டு முறை, 32 லிட்டர். இருநூறு கிராமுக்கு! கிலோவுக்கு 160 லிட்டர். 'இயற்கைச் சாயம் தண்ணீரை மிச்சப்படுத்தும்' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். படிகாரத் தண்ணீரை இன்னும் கொஞ்சம் படிகாரம் சேர்த்து மறுபடி பயன்படுத்தலாமா, கடைசி அலசல் தண்ணீரை அடுத்த துணியின் முதல் அலசலுக்கு வைக்கலாமா என்று பிள்ளைகளே கேட்க ஆரம்பிப்பார்கள். இரண்டும் முடியும்.

பொருள் கணக்கும் போடலாம். நாற்பது பேருக்கு ஆளுக்கு 250 கிராம் துணி என்றால் 10 கிலோ. அதற்கு 5 முதல் 10 கிலோ காய்ந்த வெங்காயத்தோல் வேண்டும். காய்ந்த தோல் எவ்வளவு லேசு என்பது தெரிந்தவர்களுக்கு அது எத்தனை சாக்கு என்று புரியும். ஒரு வகுப்புக்கே இப்படி என்றால் ஊருக்கு? உலகத்துக்கு?

திருப்பூரை விட்டுவிட்டுப் பேச முடியாது

1856ல் பதினெட்டு வயது வில்லியம் பெர்கின், மலேரியாவுக்கான குயினைனைச் செய்யப்போய், தற்செயலாக ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1868ல் மஞ்சிட்டி வகைச் செடிகளின் சிவப்பு ஆய்வுக்கூடத்தில் உருவானது. 1897ல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, அவுரி வயல்கள் படிப்படியாகச் சுருங்கின. செயற்கைச் சாயம் மலிவு, ஒரே மாதிரி வரும், எல்லா நிறமும் கிடைக்கும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் பளிச்சென்ற தீபாவளிச் சட்டை கிடைத்தது இதனால்தான். அதைப் பழிப்பதில் நியாயமில்லை.

ஆனால் அதற்கான விலையைத் திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆறு கொடுத்தது. பருத்திக்கு இன்று போடும் ரியாக்டிவ் சாயங்கள் இழையில் ஏற ஏராளமான உப்பு வேண்டும். சாயம் துணியில் ஏறும், உப்பு தண்ணீரில் தங்கும். உப்பு மக்கிப்போகாது. பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. கிணறுகள் உப்பேறின, விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாதபடி தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுக்கும் அமைப்பைப் போட்ட பிறகே அவை மறுபடி ஓடின.

இதைச் சொல்லும்போது இயற்கைச் சாயத்தைப் புனிதமாக்கிவிடக் கூடாது. நிறம் பளிச்சென்று வர மயில்துத்தம் என்ற செம்பு உப்பையும் பொட்டாசியம் டைகுரோமேட்டையும் நிறமூன்றியாகப் போடுகிறவர்கள் உண்டு. முன்னது மீன்களைக் கொல்லும், பின்னது புற்றுநோய் தரும். பள்ளியில் இவை இரண்டுக்கும் இடமே இல்லை. படிகாரம், கொஞ்சம் இரும்பு, இவ்வளவு போதும். சுண்ணாம்பைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும், பொடிகளை அளக்கும்போது முகக்கவசமும் கட்டாயம். மீந்த படிகாரத் தண்ணீரைச் சிறிது சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறைத்து, கிணற்றுக்கும் கால்வாய்க்கும் தள்ளி மண்ணில் ஊற்றலாம். சக்கைகள் எருக்குழிக்கு.

திருப்பூர், ஈரோடு பக்கத்துப் பள்ளிகளுக்கு ஒரு வசதி உண்டு. தாத்தா பாட்டிகளிடம் போய் நொய்யல் முன்பு எப்படி இருந்தது, கிணற்றுத் தண்ணீர் எப்போது கரிக்க ஆரம்பித்தது என்று கேட்டு எழுதலாம். அதே வகுப்பில் சாயப்பட்டறைத் தொழிலாளியின் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும், பட்டறை மூடியபோது வீட்டில் என்ன நடந்தது என்று அதற்கும் சொல்ல இருக்கும். இரண்டு கதைகளையும் ஒரே நோட்டில் எழுதவைக்கிற ஆசிரியர் கெட்டிக்காரர்.

எப்போது தொடங்குவது

ஜூனில் பள்ளி திறந்ததும் அவுரி விதை போட்டால், அரையாண்டுத் தேர்வுக்கு முன் செடி அறுக்கிற பதத்துக்கு வந்துவிடும். பள்ளித் தோட்டத்துப் பத்துப் பதினைந்து செடியில் தொட்டி வைக்க முடியாது. அது இலையைக் கசக்கி முகர்ந்து பார்க்கவும் வேரில் இருக்கும் முடிச்சுகளைப் பார்க்கவும்தான். நீலத்துக்குச் சாயக்கூடத்துக்கே ஒரு நாள் போய்வர வேண்டும். கடுக்காய், படிகாரம், வெங்காயத்தோல் பாடத்தை ஆகஸ்டிலேயே முடித்துவிடலாம். மழை பிடித்துவிட்டால் துணி காயாது. துலுக்கச்சாமந்தி ஆயுத பூஜைக்குப் பிறகு. பொங்கல் கழிந்து வெயில் ஏறும்போது ஒளிச் சோதனை: சாயமிட்ட துண்டுகளைப் பாதி கறுப்புக் காகிதத்தால் மூடி, தெற்குப் பார்த்த சன்னலில் ஒட்டி, இரண்டு வாரம் கழித்துப் பிரித்துப் பார்ப்பது. மஞ்சள்தூள் போட்டது வெளுத்திருக்கும், அவுரி நீலம் அப்படியே இருக்கும், வெங்காயத்தோல் இரண்டுக்கும் நடுவே எங்கேயோ நிற்கும்.

செலவைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துக் கேளுங்கள். கடுக்காயும் படிகாரமும் சில நூறு ரூபாய்தான், பெரிய செலவு சாயக்காரரின் கூலி. அதைத் தீர்மானத்தில் தனி வரியாக எழுதவேண்டும், இல்லாவிட்டால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். ஒவ்வொரு துண்டுத் துணியையும் நோட்டில் பின் செய்து, பக்கத்தில் எடை, தண்ணீர், நேரம், தேதி, சொல்லிக்கொடுத்தவர் பெயர் எழுதச் சொல்லுங்கள். இரண்டு நோட்டு போடச் சொல்லுங்கள். ஒன்று பள்ளிக்கு, இன்னொன்று சாயக்காரருக்கு.